கடலூர் மொட்டை மாடியிலிருந்து ஒரு சிறுகோளை அளக்க முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். நிலா, வியாழன், சனி எல்லாம் மாணவர்களுக்குக் காட்டியாயிற்று. சிறுகோள் ஒன்று நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது நேரத்தைக் குறித்தால் அதன் அளவைச் சொல்லிவிடலாம் என்று கேள்விப்பட்டேன். நம் ஊரிலிருந்து, இந்தக் கருவியை வைத்து, உண்மையிலேயே பயன்படும் அளவீடு எடுக்க முடியுமா? காத்திருந்து நட்சத்திரம் மறையவே இல்லையென்றால் அந்த இரவு வீண்தானா?

பதில்:

முடியும் சார். எட்டு அங்குலம் தாராளம். இதைவிடச் சின்னக் குழாயை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நட்சத்திரம் மறையாத இரவு வீணில்லை. அதுவும் ஓர் அளவீடுதான். சிறுகோளின் ஓரம் எங்கே முடிகிறது என்பதைப் பல நேரம் அந்த "மறையவில்லை"தான் சொல்கிறது. அதைப் புரியவைக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நேரடியாகப் பார்த்தே அளக்கக் கூடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் 50 கி.மீ. சிறுகோள் ஒன்று நம்மிலிருந்து 22.5 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வானத்தில் அதன் அகலம் 0.05 ஆர்க் செகண்டுக்கும் குறைவு. ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டால் வருவது ஓர் ஆர்க் செகண்ட். உங்கள் எட்டு அங்குலக் கண்ணாடி எவ்வளவு நல்ல இரவிலும் 0.6 ஆர்க் செகண்டுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. தலைக்கு மேலே நடுங்கும் காற்று அதைக்கூட எட்டவிடாது. விண்வெளியில் இருக்கும் ஹபிள் தொலைநோக்கிக்கே அந்தச் சிறுகோள் கிட்டத்தட்ட ஒரு புள்ளி. வெப்பக் கதிர்வீச்சை வைத்துக் கணக்கிடும் வழி இருக்கிறது. 1983இல் ஐராஸ், பிறகு வைஸ் போன்ற செயற்கைக்கோள்கள் ஆயிரக்கணக்கான சிறுகோள்களுக்கு அப்படித்தான் அளவு கொடுத்தன. ஆனால் அதில் 10 சதவீதம் பிசகுவது சகஜம். குறுக்களவில் 10 சதவீதம் தவறினால் கன அளவில் 30 சதவீதம் தவறும், அடர்த்தியிலும் அதே அளவு தவறும். உள்ளே கெட்டிப் பாறையா, கல்லும் சரளையும் ஈர்ப்பால் ஒட்டிக்கிடக்கும் குவியலா என்று முடிவு செய்ய அடர்த்திதான் முக்கியமான துப்பு. 30 சதவீதப் பிழையோடு அந்த முடிவுக்கு யாரும் வர முடியாது.

இங்கேதான் நிழல் உதவுகிறது. நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அதன் ஒளி இணைகதிர்களாக வருகிறது. இடையில் 50 கி.மீ. பாறை வந்தால் பூமியில் 50 கி.மீ. அகல நிழல் விழும், பெருக்காமல் சுருக்காமல், அதே அளவில். அந்த நிழல் நொடிக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் நிலத்தின் மேல் ஓடுகிறது. நிழலுக்குள் நிற்பவருக்கு நட்சத்திரம் சில நொடிகள் அணைந்து மறுபடி எரியும். திருப்பாப்புலியூர் ரயில்வே கேட்டில் நிற்கும்போது, ரயிலின் வேகம் தெரிந்து, அது கடக்க எத்தனை நொடி ஆனது என்று குறித்தால் ரயிலின் நீளம் கிடைத்துவிடும் அல்லவா, அதே கணக்குதான். நிழலின் வேகத்தைச் சிறுகோளின் சுற்றுப்பாதையிலிருந்து மிகத் துல்லியமாகக் கணக்கிட முடியும். நாம் கொடுக்க வேண்டியது நேரம் மட்டும். நொடிக்கு 12 கி.மீ. வேக நிழலில் நட்சத்திரம் 4.16 நொடி மறைந்தால், உங்கள் தலைக்கு நேரே கடந்த பாறையின் நீளம் 49.9 கி.மீ. நேரத்தில் 0.04 நொடி பிசகினாலும் அரை கிலோமீட்டருக்குள்தான் தவறுவோம். 22 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளை அரை கிலோமீட்டருக்கு அளப்பது! மாடியில் நின்று செய்யக்கூடிய வேறெந்த அளவீட்டிலும் இப்படி ஒரு துல்லியத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் நீங்கள் அளப்பது சிறுகோளின் குறுக்களவை அல்ல. அதன் மேல் ஒரு கோட்டை மட்டுமே, வடிவியலில் சொல்வதுபோல ஒரு நாண். நிழலின் நடுவில் நின்றீர்களா, ஓரத்தில் நின்றீர்களா என்பது உங்களுக்குத் தெரியாது. ஒரே ஒருவர் பதிந்தால் "குறைந்தது இவ்வளவு பெரியது" என்று சொல்லலாம், அதற்கு மேல் முடியாது. இரண்டு பேர் வெவ்வேறு இடத்தில் பதிந்தால் ஒரு வட்டம் பொருத்திப் பார்க்கலாம். மூன்று, நான்கு நாண்கள் கிடைத்தால்தான் உருவம் தெரியத் தொடங்கும்.

நம் கடற்கரைக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சிறுகோள்களின் நிழல் பாதைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக, கொஞ்சம் சாய்ந்து ஓடும். நள்ளிரவு வாக்கில் உச்சிக்கு வரும் சிறுகோள் என்றால் பூமி அதை முந்திக்கொண்டிருக்கும் நேரம். நிழல் கிழக்கிலிருந்து மேற்காக, வங்கக் கடலிலிருந்து கரையேறி வரும். நாண்களைப் பிரித்து எடுக்க வேண்டுமானால் ஆட்கள் பாதைக்குக் குறுக்கே, அதாவது வடக்கு தெற்காகப் பரவி நிற்க வேண்டும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காகவே போகிறது. மரக்காணத்திலிருந்து சிதம்பரம் வரை அட்சரேகைக் கணக்கில் 90 கி.மீ. இருக்கும். நடுத்தர அளவுச் சிறுகோள் ஒன்றின் நிழல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாணவர்களிடம் கரும்பலகையில் போடவும் உதவும். 60 கி.மீ. குறுக்களவுள்ள உருண்டையான சிறுகோள், நிழலின் நடுக்கோடு சரியாகக் கடலூர் வழியே போகிறது, வேகம் நொடிக்கு 12 கி.மீ. கடலூரில் நட்சத்திரம் 5 நொடி மறையும். புதுச்சேரி நடுக்கோட்டிலிருந்து 20 கி.மீ. வடக்கே, பித்தாகோரஸ் போட்டால் அங்கே நாணின் நீளம் சுமார் 45 கி.மீ., மறைவு 3.7 நொடி. தெற்கே பரங்கிப்பேட்டை 29 கி.மீ. தள்ளி, ஓரத்தை ஒட்டி இருக்கிறது, அங்கே 1.3 நொடி மட்டும். சிதம்பரம் 39 கி.மீ., அங்கே மறையாது. மரக்காணம் 50 கி.மீ., அங்கேயும் மறையாது.

இப்போது இந்த ஐந்து பேரில் பரங்கிப்பேட்டைக்காரர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூர், புதுச்சேரி இரண்டு நாண்கள் மட்டும் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒரு வட்டமும் வரையலாம், தெற்கே நீண்டுகொண்டே போகும் ஒரு முட்டை வடிவமும் வரையலாம். இரண்டும் பொருந்தும். சிதம்பரத்தில் ஒருவர் விழித்திருந்து "இங்கே மறையவில்லை" என்று பதிந்திருந்தால் அந்த முட்டை வடிவம் அதோடு ஒழிந்தது. பாறை தெற்கே 39 கி.மீ.க்கு முன்பே முடிந்துவிட்டது என்று அவர் ஒருவர்தான் நிரூபிக்கிறார். மரக்காணத்துக்காரர் வடக்கே அதேபோல ஒரு வேலி போடுகிறார். அவர்கள் இருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனாலும் அவர்கள் இல்லாமல் வடிவம் இல்லை.

இதற்கு உண்மையான உதாரணம் அரோகோத். நெப்டியூனுக்கும் அப்பால் இருக்கும் 36 கி.மீ. நீளமுள்ள பனிப்பாறை. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று அதைக் கடந்து போனது. போவதற்கு முன் அதன் அளவு தெரிய வேண்டியிருந்தது. 2017 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் தொலைநோக்கிகளைப் பரப்பி வைத்துக் காத்திருந்தார்கள். எவருக்கும் நட்சத்திரம் மறையவில்லை. அதே ஆண்டு ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவின் படகோனியாவில், குளிர்காற்றுக்கு நடுவே 24 தொலைநோக்கிகளை வரிசையாக வைத்தார்கள். ஐந்தில் நட்சத்திரம் மறைந்தது. அந்த ஐந்து நாண்களையும், பக்கத்தில் மறையாத இடங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அது ஒரே உருண்டை அல்ல, இரண்டு கட்டிகள் ஒட்டிய உருவமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து விண்கலம் அனுப்பிய படமும் அதையே காட்டியது.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். "மறையவில்லை" வேறு, "பார்க்க முடியவில்லை" வேறு. மேகம் மூடியிருந்தால் அது எந்தத் தகவலும் இல்லை. அறிக்கையில் மேகம் என்றே எழுத வேண்டும். இதைச் சொல்லும்போது பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். வெள்ளி சூரியனுக்கு முன்னால் கடக்கும் நேரத்தை வெவ்வேறு இடங்களிலிருந்து குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்பது ஹாலி சொன்ன வழி. அதுவும் நாண் கணக்குதான். சூரிய வட்டத்தின் மேல் வெள்ளி போடும் கோட்டின் நீளத்தை நேரத்தால் அளப்பது. அதற்காக 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் லெ ஜென்டி. அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761ஆம் ஆண்டுக் கடப்பை ஆடும் கப்பலில் இருந்து பார்க்க நேர்ந்தது. அங்கே கடிகாரத்தை நம்பி எதையும் அளக்க முடியாது. எட்டு ஆண்டு இந்தப் பக்கமே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, சிதைந்து கிடந்த கோட்டைக்குள் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக வேண்டிய நேரத்தில் மேகம். கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் தவறவிட்டாலும் அந்தக் கணக்கு நின்றுபோகவில்லை, ஏனென்றால் உலகின் வேறு மூலைகளில் வேறு ஆட்கள் நின்றார்கள். சிறுகோள் நட்சத்திரத்தை மறைப்பதைப் பதியும் இந்த மறைப்பு வேலையிலும் அப்படித்தான். ஓர் ஊரில் மேகம் வரும். ஆட்கள் பரவி இருந்தால்தான் அளவீடு பிழைக்கும்.

இனி நேரம். என் அனுபவத்தில் புதியவர்களின் பதிவுகள் கெடுவது தொலைநோக்கியால் அல்ல, கடிகாரத்தால்தான். கைபேசி காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். நெட்வொர்க்கைப் பொறுத்து அது அரை நொடி, ஒரு நொடி தள்ளி இருக்கலாம். அரை நொடி என்றால் 6 கி.மீ. இரண்டு பேருடைய கடிகாரங்கள் வெவ்வேறு திசையில் தவறினால், நாண்கள் ஒன்றுக்கொன்று நகர்ந்து, இல்லாத பள்ளங்களும் மேடுகளும் பாறையில் முளைத்துவிடும். கண்ணால் பார்த்து நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் பழைய வழியில் அழுத்துகிறவரின் தாமதமே 0.3 நொடி வரும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. அந்தக் காலத்தில் அதை வைத்தும் நல்ல வேலை நடந்திருக்கிறது. இன்று வீடியோ எடுப்பதுதான் முறை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து ஜிபிஎஸ் ரிசீவர் நொடிக்கு ஒருமுறை தரும் துடிப்பு மைக்ரோ நொடித் துல்லியம் உள்ளது. அதை ஒவ்வொரு ஃப்ரேமின் மேலும் நேரமாக அச்சடிக்கும் சிறு கருவிகள் அனலாக் வீடியோ கேமராக்களுக்கு உண்டு. உள்ளேயே ஜிபிஎஸ் வைத்த டிஜிட்டல் கேமராக்களும் வருகின்றன, விலை அதிகம். சாதாரண டிஜிட்டல் கேமராவும் லேப்டாப்பும்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. ஜிபிஎஸ் துடிப்போடு சேர்ந்து மின்னும் ஒரு சிறு எல்இடியைத் தொலைநோக்கியின் வாயருகே வைத்து, மறைப்புக்கு முன்பும் பின்பும் சில மின்னல்களை வீடியோவில் பதிந்துகொள்ளுங்கள். எந்த ஃப்ரேம் எந்த நொடியில் விழுந்தது என்று பிறகு அளந்துகொள்ளலாம். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையை வைத்து விளையாடும் மாணவர்கள் இருந்தால் அவர்களே அதைச் செய்துவிடுவார்கள். லேப்டாப்பின் கடிகாரத்தை இணையம் வழியே சரிசெய்வது கடைசிப் பட்சம். அப்படிச் செய்தால் அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதுங்கள். கணக்கு போடுகிறவர்கள் அந்த நாணுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள்.

நேரம் முழுவதையும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து. இரவு இரண்டு மணிக்கு நடந்த மறைப்பு யுடிசியில் முந்தின நாள் இரவு எட்டரை. தேதியில் ஒரு நாள் மாறிவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் எழுதி முடித்ததும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் டாப்சோனியனில் மோட்டார் இல்லை என்று நினைக்கிறேன். கவலை வேண்டாம். முன்கூட்டியே குறி வைத்துவிட்டுக் காத்திருக்கும் முறை ஒன்று இருக்கிறது. வானம் சுழல்கிறது, தொலைநோக்கியை அசைக்காமல் வைத்தால் வான நடுக்கோட்டிலிருந்து ஒரே விலக்கத்தில் (டெக்ளினேஷன்) இருக்கும் நட்சத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்வைக்குள் வந்து போகும். மறைப்பு நேரத்தில் இலக்கு நட்சத்திரம் எங்கே இருக்குமோ அந்த இடத்துக்கு, அதற்கு முன்பே வந்து சேரும் வேறொரு பிரகாசமான நட்சத்திரத்தை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். அதை மையத்தில் பிடித்துத் தொலைநோக்கியை அப்படியே விட்டுவிட்டால், வேண்டிய நேரத்தில் இலக்கு தானாக வந்து நிற்கும். அரை டிகிரி அகலப் பார்வை இருந்தால் நட்சத்திரம் அதைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும், நமக்குப் போதும். இந்த முறையில் ஒரே ஆள் இரண்டு மூன்று சிறு தொலைநோக்கிகளை வெவ்வேறு ஊர்களில் வைத்துவிட்டு, கேமராக்களைத் தாமாகப் பதியவிட்டு, பிறகு போய் எடுத்துவரலாம். அமெரிக்காவில் இப்படி ஒருவரே ஒரே இரவில் பல நாண்கள் எடுத்திருக்கிறார்கள்.

எந்த மறைப்பைத் தேர்ந்தெடுப்பது? இலக்கு நட்சத்திரம் 10 அல்லது அதைவிடக் குறைந்த மேக்னிட்யூட் எண் (பிரகாச அளவு; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) உள்ளதாக இருந்தால் உங்கள் எட்டு அங்குலத்துக்கு வசதி. அடுத்து, மறையும்போது வெளிச்சம் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். சிறுகோளே நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக இருந்தால், நட்சத்திரம் போனாலும் மொத்த வெளிச்சம் லேசாகத்தான் குறையும்; நடுங்கும் காற்றில் அது தெரியாது. நட்சத்திரம் 10, சிறுகோள் 14 என்றால் விளக்கை அணைத்தது போலத் தெளிவாக இருக்கும். மறைவு நேரம் குறைந்தது இரண்டு மூன்று நொடி, அடிவானத்திலிருந்து உயரம் 30 டிகிரிக்கு மேல். முதல் முயற்சிக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்தாதீர்கள். கடலின் மேல் தாழ்வாக இருக்கும் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஈரக்காற்றில் அது தானாகவே அணைந்து அணைந்து எரியும்.

ஒளி திடீரென்று குறைந்தால் அது சிறுகோள்தான் என்று எப்படித் தெரியும்? பார்வைக்குள் இன்னொரு நட்சத்திரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து மங்கினால் மேகம், வௌவால், காற்றின் உலுக்கல், ஏதோ ஒன்று. இலக்கு மட்டும் போய்ப் பக்கத்து நட்சத்திரம் அப்படியே இருந்தால் நிம்மதியாக நம்பலாம். சில சமயம் வெளிச்சம் ஒரே வீழ்ச்சியாக இல்லாமல் இரண்டு படியாகக் குறையும். அப்போது அந்த நட்சத்திரம் ஒன்றல்ல, இரட்டை. அதுவரை யாருக்கும் தெரியாத இரட்டையாகக்கூட இருக்கலாம். 2023 டிசம்பர் 12 அன்று லியோனா என்ற சிறுகோள் திருவாதிரையை மறைத்தபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று அணையவில்லை, மெல்ல மங்கி மெல்ல மீண்டது. திருவாதிரை அவ்வளவு பெரிய நட்சத்திரம். வானத்தில் அதன் வட்டும் லியோனாவின் வட்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

பதிவை மறைப்பு நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் அவ்வளவு நேரம் ஓடவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் காவலூர். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரம் சில நொடி மங்கியது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்கும் அப்படி அடுத்தடுத்து மங்கல்கள் கிடைத்தன. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அன்றுதான் வெளிப்பட்டது. 2013இல் சாரிக்ளோ என்ற 250 கி.மீ. பொருளைச் சுற்றி இரண்டு வளையங்கள் கிடைத்ததும் இதே வழியில். 2022 மார்ச்சில் பாலிமீலி என்ற சிறுகோளுக்காகப் பரவி நின்ற 26 குழுக்களில் இரண்டு மட்டும், கொஞ்சம் தள்ளிய நேரத்தில் இன்னொரு குட்டி மறைவைப் பதிந்தன. அது ஐந்து கிலோமீட்டர் அளவிலான அதன் நிலா. மறைவு முடிந்தது என்று உடனே கேமராவை அணைத்திருந்தால் இவை போயிருக்கும்.

இந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. 1958இல் ஸ்வீடனில் ஜூனோ என்ற சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் கண்ணால் பார்த்துக் குறித்தார்கள். ஒளிமின் கருவியால் பதியப்பட்ட முதல் சிறுகோள் மறைப்பு 1961 அக்டோபர் 2 அன்று நைனிடாலில், பாலாஸ் சிறுகோளுடையது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1861இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏஷியா என்றே பெயர். 1866இல் அவர் சென்னையிலேயே கண்டுபிடித்த சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு என்று பின்னால் தெரிந்தது. 2013 ஜனவரியில் ஐரோப்பாவில் நடந்த மறைப்பில் சில்வியாவோடு அதன் நிலாவான ரோமுலஸும் நட்சத்திரத்தை மறைத்ததைச் சிலர் பதிந்தார்கள். சென்னையில் முதலில் பிடிபட்ட ஒரு புள்ளியின் உருவத்தை அமெச்சூர்கள் நேரத்தை வைத்து வரைந்தார்கள் என்பது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம்.

முன்பெல்லாம் இதில் பெரிய தலைவலி, நிழல் எங்கே விழும் என்பதே சரியாகத் தெரியாது என்பதுதான். நட்சத்திரங்களின் இடம் கொஞ்சம் பிசகினாலும் நிழல் பாதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போகும். 1997இல் வந்த, ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் அளந்த நட்சத்திர இட அட்டவணை நிலைமையை மாற்றியது. 2016 முதல் வெளிவரும் கையா விண்கலத்தின் அட்டவணைகளுக்குப் பிறகு பல சிறுகோள்களுக்குப் பாதை சில கிலோமீட்டருக்குள் சரியாக அமைகிறது. 2021 மார்ச்சில் வெறும் 340 மீட்டர் அளவுள்ள அபோபிஸ் என்ற சிறுகோளின் நிழலையே பிடித்துவிட்டார்கள். பிடிக்கப் பிடிக்க அதன் சுற்றுப்பாதை இன்னும் உறுதியாகிறது. அளவு போலவே இடமும் இதில் கிடைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நட்சத்திரம் மறைந்த கணத்தில் சிறுகோள் அந்த நட்சத்திரத்தின் மேலேயே இருந்தது. நட்சத்திரத்தின் இடம் கையாவால் மிக நுட்பமாகத் தெரியும். ஆகவே உங்கள் ஒரே ஒரு நாண்கூட அந்தச் சிறுகோளின் அடுத்த நிழல் பாதையைக் கூர்மையாக்கும்.

முன்கணிப்புகளுக்கு ஆக்கல்ட், ஆக்கல்ட்வாட்சர் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் வரப்போகும் மறைப்புகளையும், நடுக்கோட்டிலிருந்து நீங்கள் எத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லும். யார் யார் எந்த இடத்தில் நிற்கப் போகிறார்கள் என்றும் அதில் பதியலாம். ஒரே நாணில் இரண்டு பேர் நின்று வீணாக்காமல் இருக்க அது உதவும். எடுத்த வீடியோவிலிருந்து ஒளிவரைபடம் (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுக்க டாங்ரா, பைமூவி ஆகிய மென்பொருள்கள் போதும். அறிக்கைகளை வாங்கிச் சரிபார்த்துத் தொகுப்பது ஐயோட்டா எனப்படும் பன்னாட்டு மறைப்பு நேர அமைப்பு. கடைசியில் அவை நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்துக்குப் போகின்றன. ஒரு சிறுகோளின் வடிவத்தைப் பற்றி எழுதுகிற எந்த ஆய்வாளரும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பருவம் பற்றிக் கொஞ்சம். அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை, திட்டம் போட்டு ஏமாற வேண்டாம். தை முதல் சித்திரை வரைதான் நல்ல காலம். தை, மாசியில் பனி இறங்கும். கண்ணாடி பதினைந்து நிமிடத்தில் வேர்த்துவிடும். குழாயின் வாயில் நீளமாக ஒரு அட்டைக் கூம்பு சுற்றிவிடுங்கள். ஆனி, ஆடியில் சாயங்கால இடிமழை போக நள்ளிரவுக்குப் பின் வானம் திறக்கிற இரவுகள் கிடைக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரை இருட்டாக இருக்கிறதே என்று அங்கே போய்விடாதீர்கள். மணலில் தாங்கி இறங்கும், கடல்காற்று உலுக்கும், உப்புப் படிந்து கண்ணாடியின் பூச்சு கெடும். சிப்காட் விளக்குகளும் நெய்வேலி வெளிச்சமும் வானத்தை வெளுக்க வைப்பது உண்மைதான். ஆனால் நாம் பார்க்கப் போவது மங்கலான நெபுலாக்களை அல்ல, ஒரே ஒரு நட்சத்திரத்தை. மஞ்சக்குப்பத்து மாடி அதற்குப் போதும்.

நான் புதுச்சேரியில் லாஸ்பேட்டைப் பக்கம் இருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் வடக்கு தெற்காக 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல்; 40, 50 கி.மீ. சிறுகோளுக்கு இரண்டு நல்ல நாண்கள் தரும் இடைவெளி. கேமராவும் நேரக் கருவியும் தயாரானதும், மறைப்பு எதுவும் இல்லாத ஒரு சாதாரண இரவில் ஏதாவது ஒரு 10 மேக்னிட்யூட் நட்சத்திரத்தை ஐந்து நிமிடம் பதிந்து அனுப்புங்கள். ஃப்ரேம்கள் விடுபடுகின்றனவா, நேரம் சீராக ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நம் கரையைக் கடக்கும் பாதையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். தெற்கே சிதம்பரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ உங்கள் பழைய மாணவர் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு வையுங்கள்.